எழுபத்தோரு பக்கத்தின் சுருக்கம்

மேஜைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். இந்தப் பக்கம் ஆசிரியர் சங்கம். அந்தப் பக்கம் நகரத்து அரசுப் பள்ளிகளை எல்லாம் நடத்துகிற கல்வி வாரியம். நடுவில் தண்ணீர் பாட்டில்களும் யாரும் தொடாத ஒரு பிஸ்கட் தட்டும். வேலைநிறுத்தம் தொடங்கி அன்றோடு பத்தொன்பது நாள். பிஸ்கட்டும் முதல் நாள் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

சங்கத்து ஐவரில் நான்காவது நாற்காலியில் இருந்தவளுக்கு மூணுலொண்ணு டீச்சர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, பிள்ளைகள் வைத்தது. முப்பது வருடமாக எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறவள். ‘மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுக’ என்ற பகுதி வந்துவிட்டால் அவளுக்குச் சாமி வந்த மாதிரிதான். “அலங்காரத்த வெட்டு, உதாரணத்த வெட்டு, நிபந்தனைய மட்டும் வெட்டாத. அத வெட்டினா படிக்கிறவன் ஏமாந்து போவான்” என்பாள். நிபந்தனையை விட்ட நோட்டுக்கு அவளிடம் பூஜ்யம்தான். அழுதாலும் பூஜ்யம்தான், அப்பாவைக் கூட்டிவந்தாலும் பூஜ்யம்தான்.

அவளை அக்கா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்தி உண்டு. பதின்மூன்று வயது இளையவளான தங்கை. அம்மா போன பிறகு தலை வாரிப் பின்னிவிட்டதும், எட்டாம் வகுப்பில் எதிரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும், “நீயும் டீச்சராயிடு, நிம்மதியான வேலை” என்று இழுத்துவிட்டதும் அக்காதான். நாமும் அவளை அக்கா என்றே சொல்வோம். அந்த வார்த்தை அவளுக்குக் கொஞ்சம் உறுத்தட்டும்.

இழுத்துவிட்ட வேலை நிம்மதியானதாக இல்லை. தங்கை ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆசிரியை. ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் ‘பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்’ என்று ஒரு தாள் வரும். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் காலையில் ‘பணியில் அமர்த்தப்படுகிறீர்கள்’ என்று இன்னொரு தாள். இப்படி ஒன்பது தாளுக்கு ஒன்பது தாள். நடுவில் இருக்கும் விடுமுறையில் அவள் யாருமே இல்லை. நகரம் முழுக்க இந்த மாதிரி முந்நூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள். வேலைநிறுத்தத்தின்போது வெயிலில் வாரியத்து வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தியது பெரும்பாலும் அவர்கள்தான். நிரந்தர ஆசிரியர்களில் பலர் காலையில் வந்து முகத்தைக் காட்டிவிட்டு நிழல் தேடிப் போய்விடுவார்கள்.

பேச்சுவார்த்தை என்றால் எல்லோரும் மேஜையைத் தட்டிப் பேசுவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பத்தில் ஒன்பது பங்கு காத்திருப்புதான். ஒரு பக்கம் ஒரு தாளைக் கொடுக்கும், மறுபக்கம் அதை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். சமரச அலுவலர் என்று ஒருவர், கல்யாணத் தரகர் மாதிரி இரண்டு அறைக்கும் நடையாய் நடப்பார். ஒரு பிரிவு முடிவானால் பத்துப் பேரும் அதன் ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவார்கள். போட்டபின் அதைத் திறக்கக் கூடாது. அறைக்குள் பேசியது எதுவும், உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை வெளியே போகக் கூடாது. இதற்கு முதல் நாளே எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நாற்பத்தெட்டுப் பிரிவுகள் முடிந்துவிட்டன. வகுப்புக்கு நாற்பது பிள்ளைகளுக்கு மேல் கூடாது, இடமாற்றம் இனி மூப்புப்படிதான் என்பதெல்லாம் கிடைத்துவிட்டது. பதிலுக்குக் கோடை விடுமுறையில் பதினைந்து நாள் பயிற்சிக்கு வருவதாகச் சங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. நிரந்தரங்களில் பாதிப் பேர் இதைக் கேட்டால் கொதிப்பார்கள். அதனால் ஓட்டெடுப்பில் ஜெயிக்க அந்த முந்நூற்றுப் பத்துப் பேரின் ஓட்டு வேண்டும். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு நிரந்தரம். வாரியம் அதை மட்டும் தர மாட்டேன் என்றது.

அன்று மதியம் சமரச அலுவலர் அந்தப் பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ‘ஐந்து ஆண்டு பணி முடித்த தற்காலிக ஆசிரியர்கள் நிரந்தரமாக்கப்படுவர்.’ வாரியத்தின் வக்கீல் சம்மதித்துவிட்டாராம். கழுவுற மீனில் நழுவுற மீன் அந்த ஆள், சும்மா சம்மதிப்பாரா? பின்னிணைப்பில், சொற்களுக்கு விளக்கம் கொடுக்கும் பக்கத்தில், ஒரு வரி சேர்த்திருந்தார். ‘ஐந்து ஆண்டு பணி என்பது, ஒரு நாள்கூட விடுவிக்கப்படாமல் ஆற்றிய பணியாகும்.’

சங்கத்துக்கு ஒதுக்கிய அறையில், கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்த சுவரோரமாக, ஐந்து பேரும் அதைப் படித்தார்கள். அக்காதான் முதலில் தலையைத் தூக்கினாள்.

“ஒருத்தர்கூடத் தேற மாட்டாங்களே சார். எல்லாரையும்தான் வருஷா வருஷம் விடுவிச்சுட்டுத் திரும்ப எடுக்கறாங்க.”

சங்கத் தலைவர் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்குவதால் அவர் பெயரே விசில். அவர் அதை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

“தெரியுது டீச்சர். குடுத்த மாதிரியும் இருக்கு, குடுக்காத மாதிரியும் இருக்கு. வேணாம்னு திருப்பி அனுப்பிடலாமா, சொல்லுங்க. நாளைக்கு இருபதாவது நாள். திங்கக்கிழமை நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு தானாவே உள்ள போய் உக்காந்துடுவாங்க. அப்புறம் நாப்பத்தெட்டும் போச்சு.”

“அதுக்காக…”

“அந்தப் பதினாலாவது பிரிவும் போச்சு” என்றார் விசில், அவளைப் பார்க்காமல்.

பதினான்காவது பிரிவு, மூப்புப்படி இடமாற்றம். அக்கா பதினெட்டு வருடமாக இரண்டு பஸ் மாறி நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய் வருகிறாள். போக ஒன்றரை மணி, வர ஒன்றே முக்கால். முட்டி தேய்ந்துவிட்டது. அவள் தெருமுனையிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. காலையில் அதன் மணி அடிக்கும்போது அவள் இரண்டாவது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பாள். பதினெட்டு விண்ணப்பம் போட்டும் ஒரு பதில் இல்லை. இனி மூப்புப்படி என்றால் பட்டியலில் முதல் பெயர் அவளுடையதுதான். விசிலுக்கு இது தெரியும். விசிலுக்குத் தெரியாதது எது?

அவள் சுருக்கொப்பம் போட்டாள். கோணல் இல்லாமல் அழகாகவே போட்டாள்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முழு ஒப்பந்தமும் வக்கீல்கள் சரிபார்த்து அச்சாகி வர மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால், ஒரே தாளில் சுருக்கம் எழுதி உறுப்பினர்களுக்குக் கொடுத்து ஓட்டெடுப்பார்கள். சுருக்கம் எழுத அக்காவைவிட்டால் வேறு யார்? வியாழக்கிழமை காலை சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து ஒப்பந்த வரைவின் எழுபத்தோரு பக்கத்தையும் சுருக்கினாள். தன் தொழிலில் கெட்டிக்காரி. தற்காலிக ஆசிரியர் பிரிவுக்கு வந்தபோது கை பழக்கத்தில் நிபந்தனையையும் சேர்த்தே எழுதிவிட்டது.

விசில் படித்தார். அந்த வரியின்மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“டீச்சர், இது கொஞ்சம் நீளமா இருக்கே.”

“அது நிபந்தனை சார்.”

“விளக்கம்தானே. விளக்கம் பின்னிணைப்புல இருக்கு. சுருக்கத்துல எதுக்கு?”

முப்பது வருடமாக எத்தனை பிள்ளைகள் இதே சமாதானத்தை அவளிடம் சொல்லியிருப்பார்கள்! அவர்களுக்கெல்லாம் பூஜ்யம் போட்டவள், விசிலுக்கு முன்னால் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவர்கள் அவள் சுருக்கத்தைப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை விசிலிடமிருந்து போன் வந்தது.

“உங்க தங்கச்சிக்கு வெளியூர்ல ஏதோ வேலை வந்திருக்காமே?”

வந்திருந்தது. வெளியூரில் விடுதியோடு கூடிய ஒரு தனியார் பள்ளி. முதல் நாளிலிருந்தே நிரந்தரம், தங்க இடம். நாற்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள், தங்கைக்கு முப்பத்தொன்பது. அன்று மாலை ஐந்து மணிக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லியாக வேண்டும். இது அக்காவுக்கு மட்டும் சொன்ன விஷயம். எப்படிக் கசிந்ததோ!

“பேச்சுவார்த்தையில உக்காந்தவங்க சொந்தத் தங்கச்சியே வேற எடத்துக்கு ஓடறான்னா, மத்த டெம்பரரி எல்லாம் என்ன நெனப்பாங்க? ஏதோ இருக்குன்னுதானே? ஞாயித்துக்கெழமை ஓட்டு. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு எங்கயும் போகக் கூடாது. பாத்துக்கங்க டீச்சர்.”

மூன்று மணிக்குத் தங்கை வந்தாள். அக்கா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போலப் பச்சைப் பீன்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். நீ வாயத் தொறக்க வேணாம். உங்க ரூல் எனக்கும் தெரியும், உன்ன மாட்டிவிட மாட்டேன். ஆனா வெளிய எல்லாரும் சொல்றாங்க, எங்களுக்கு நிரந்தரம் வாங்கிட்டீங்கன்னு. நான் அந்த ஸ்கூலுக்கு வரலன்னு சொல்லிடவா? தலைய மட்டும் ஆட்டு, போதும்.”

நன்றாகக் கவனியுங்கள். பேசக் கூடாது என்றுதான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கழுத்துக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. பக்கவாட்டில் ஒரு அங்குலம் தலையை அசைத்திருந்தால் போதும், அந்தப் பெண் பிழைத்திருப்பாள். அக்கா அதை நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாள், விசிலை நினைத்தாள், தெருமுனைப் பள்ளியின் மணியையும் நினைத்தாள். பீன்ஸைப் பார்த்துக்கொண்டே தலையை மேலும் கீழுமாக ஆட்டினாள்.

தங்கை குதித்து இறங்கிப் பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அங்கேயே நின்று போன் போட்டாள். “ரொம்ப நன்றி சார். தப்பா நெனக்காதீங்க, எனக்கு இங்கயே நிரந்தரம் ஆகப்போகுது. ஆமா சார், நிச்சயமாத்தான். வேற யாருக்காவது குடுத்துடுங்க.” தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அக்காவின் கத்தி விரலில் பட்டு லேசாக ரத்தம் வந்தது. சதை அவ்வளவுதான் ஆடியது. தங்கைதான் ஓடிப்போய்ப் பஞ்சு எடுத்துவந்து கட்டுப் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மண்டபத்தில் கூட்டம். எல்லோர் கையிலும் அந்த ஒற்றைத் தாள். பதினைந்து நாள் பயிற்சியைப் பார்த்ததும் நிரந்தரங்கள் பகுதியில் கூச்சல் எழும்பியது. மூன்றாவது வரிசையில் ஒரு கணக்கு வாத்தியார் எழுந்து நின்றார்.

“முழு ஒப்பந்தம் எங்க? இந்த ஒரு தாள நம்பி எப்படி ஓட்டுப் போடறது? கணக்குல விடைய மட்டும் எழுதினா நான் மார்க் போட மாட்டேன்.”

கைதட்டல். தற்காலிகங்கள் பக்கத்திலும் நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். மேடையில் விசில் தண்ணீர் குடித்தார். அப்போது பின்னாலிருந்து தங்கை எழுந்து நேராக மைக்குக்கு வந்தாள். பத்தொன்பது நாள் வாசலில் கத்தியதில் குரல் கரகரத்திருந்தது.

“இந்தச் சுருக்கத்த எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும். எங்க அக்கா. எட்டாங்கிளாஸ்ல அவங்ககிட்டதான் படிச்சேன். ஒரு நிபந்தனைய விட்டேன்னு கூடப் பொறந்தவளுக்கே பூஜ்யம் போட்டவங்க அவங்க. வீட்டுக்குப் போயி ராத்திரி பூரா அழுதேன், அப்பவும் மாத்தல. அவங்க எழுதின தாள்ல ஏதாவது விட்டுப்போயிருக்கும்னு யாராவது நெனச்சீங்கன்னா, நீங்க அவங்க கிளாஸ்ல படிக்கலன்னு அர்த்தம்.”

மண்டபமே சிரித்தது. கணக்கு வாத்தியார்கூடச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். ஆதரவாக நானூற்றுத் தொண்ணூற்றெட்டு, எதிராக முந்நூற்று எழுபத்து மூன்று. தற்காலிகங்கள் அத்தனை பேரும் ஆதரவாகக் குத்தியிருந்தார்கள். விசில் கழுத்து விசிலை எடுத்து நீளமாக ஊதினார். அக்கா மேடையில் நான்காவது நாற்காலியில் உட்கார்ந்து, விரல் கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒப்பந்தம் அச்சாகி வந்தது. அதே வாரத்தில் தற்காலிக ஆசிரியர்கள் சான்றுகளோடு வாரிய அலுவலகத்துக்கு வரும்படி அறிவிப்பும் வந்தது. கவுண்டருக்குப் பக்கத்தில் சங்கத்தின் உதவி மேஜை ஒன்று போட்டார்கள். அதில் உட்கார விசில் அக்காவை அனுப்பினார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்ட ஆள் வேண்டுமே.

தங்கை பதினோரு மணிக்கு வந்தாள். ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வருடவாரியாக அடுக்கிய கோப்பு. அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கவுண்டரிலிருந்து திரும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் கவனிக்கவில்லை. கோப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

குமாஸ்தா கோப்பைத் திறக்கவே இல்லை.

“விடுவிப்பு உத்தரவு இருக்கா டீச்சர்?”

“இருக்கு சார். ஒம்பதும் இருக்கு. ஒண்ணுகூட தொலைக்கல.”

“தொலைச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல.” ஒப்பந்தத்தை ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். காலையிலிருந்து அதே பக்கத்தைக் காட்டிக் காட்டிப் புத்தகம் தானாகவே அங்கே திறந்துகொண்டது. “ஒரு நாள்கூட விடுவிக்காம அஞ்சு வருஷம் இருக்கணும். உங்களுக்கு இல்ல. யாருக்குமே இல்ல. இன்னைக்கு நீங்க அறுபத்தி மூணாவது ஆள். அடுத்தவங்க வாங்க.”

தங்கை அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு உதவி மேஜைக்கு வந்தாள். கோப்பை மேஜைமேல் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இது உனக்கு எப்பத் தெரியும்?”

“அது… பின்னிணைப்புல கடைசியா சேர்த்தது…”

“நான் ஜன்னல்ல உக்காந்து கேட்டேனே, அப்பத் தெரியுமா தெரியாதா?”

அக்காவுக்கு எழுதிக்கொடுத்த பதில் ஒன்று மேஜையிலேயே இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லச் சொல்லி விசில் கொடுத்தது. அதையே எடுத்துச் சொன்னாள்.

“இது முதல் படிதான். அடுத்த ஒப்பந்தத்துல இத சரி பண்ணிடுவோம். மூணு வருஷம்தான்.”

“மூணு வருஷத்துல எனக்கு நாப்பத்திரண்டு.”

பின்னால் நின்ற பெண், “கொஞ்சம் வழி விடுங்க, வரிசை நிக்குது” என்றாள். தங்கை நகர்ந்துகொண்டாள். அன்று மாலையே வெளியூர்ப் பள்ளிக்குப் போன் போட்டாள் என்று அக்காவுக்குப் பிறகு தெரிந்தது. இடம் நிரம்பிவிட்டதாம். நீங்கள் விட்டுக்கொடுத்த இடத்துக்கு நல்ல ஆள் கிடைத்துவிட்டார் என்று நன்றி வேறு சொன்னார்களாம்.

நான் கோபமாகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். ஏனென்றால் கதை இத்தோடு முடியவில்லை.

அடுத்த மாதம் இடமாற்றப் படிவம் வந்தது. பதினான்காவது பிரிவில் ஒரு துணை வரி இருந்தது. தற்காலிக ஆசிரியர் இருக்கும் இடம் காலி இடமாகவே கருதப்படும் என்று. காலி இடங்களின் பட்டியலில் தெருமுனைப் பள்ளி இருந்தது. எட்டாம் வகுப்பு, மொழிப்பாடம். ஒன்பது வருடமாகத் தங்கை உட்கார்ந்திருக்கும் நாற்காலி. அக்கா முதல் விருப்பம் என்ற கட்டத்தில் அதை நிரப்பியபோது அவள் வீட்டுக்காரர் பேப்பருக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அது உன் தங்கச்சி எடம்தானே?”

“காலி எடம்னு போட்டுட்டாங்க. யாரோ ஒருத்தி வரத்தான் போறா. முன்னப்பின்ன தெரியாதவ வந்து அவள வெளிய அனுப்பறதுக்கு நான் போனா நல்லதுதானே? நான்னா பக்குவமா நடந்துப்பேன்.”

அவர் திரும்பப் பேப்பருக்குள் போய்விட்டார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்டது அதுதான்.

உத்தரவு வந்தது. பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் அக்கா நடந்தே போனாள். வீட்டிலிருந்து நாலு நிமிடம். முட்டி வலிக்கவில்லை. ஆசிரியர் அறையில் தங்கை ஜன்னலோர மேஜையில் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக் காத்திருந்தாள். வருகைப் பதிவேடு, அலமாரிச் சாவி இரண்டு, பாடத்திட்ட நோட்டு, நாற்பது வீட்டுப்பாட நோட்டுகள். இரண்டு பிரதியாகப் பட்டியலும் எழுதியிருந்தாள். கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி இடம் விட்டிருந்தது.

“எப்படிம்மா இருக்க?” என்றாள் அக்கா. அன்றைய நாளுக்குப் பிறகு தங்கை வீட்டுப் பக்கம் வரவில்லை.

“பதிவேடு சரியா இருக்கான்னு பாத்துக்கங்க மேடம்.”

மேடம். கூடவே வாங்க போங்க. எட்டாம் வகுப்பில் எதிரில் உட்கார்ந்திருந்தபோதுகூட வாய் தவறி அக்கா என்று சொல்லி வகுப்பையே சிரிக்கவைத்தவள். அக்காவுக்குக் கண் கரித்தது. அழுதால் யாராவது தேற்றுவார்களா என்று பார்த்தாள். தேற்றக்கூடிய ஒரே ஆள் சாவியை எண்ணிக்கொண்டிருந்தாள். அக்கா பேனாவை எடுத்து ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டாள்.

“அது போதாது மேடம். முழுக் கையெழுத்து வேணும்.”

அக்கா முழுக் கையெழுத்துப் போட்டாள். கை கொஞ்சம் கோணியது. தங்கை தன் பிரதியை மடித்து, பத்தாவது விடுவிப்பு உத்தரவோடு கோப்பில் வைத்துக்கொண்டாள்.

“நோட்டெல்லாம் திருத்திட்டேன். உங்களுக்கு வேல வைக்கல” என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனாள். தெருவில் அக்காவின் வீடு இருக்கும் பக்கம் திரும்பாமல், சுற்றிக்கொண்டு போகும் மறுபக்கம் திரும்பினாள்.

மறுநாள் முதல் வகுப்பு. மணி அடித்தபோது அக்கா மணிக்குக் கீழேயே நின்றிருந்தாள். உள்ளே ஒப்பந்தப்படி கச்சிதமாக நாற்பது பிள்ளைகள். நோட்டுகளைக் கொடுக்க எடுத்தவள், பழக்கத்தில் மேலே இருந்ததைப் பிரித்தாள். தங்கை கடைசியாகக் கொடுத்த பாடம் சுருக்கி எழுதுதல்தான். கொடுத்த பத்தி, ஒப்பந்தத்தின் ஐம்பத்தெட்டாம் பக்கம். பிள்ளை முத்து முத்தாக எழுதியிருந்தது. ‘ஐந்து ஆண்டு பணி முடித்தவர்க்கு நிரந்தரம், ஆனால் ஒரு நாள்கூட விடுவிக்கப்பட்டிருக்கக் கூடாது.’ ஓரத்தில் சிவப்பு மையில் பத்துக்குப் பத்து. அடுத்த நோட்டைப் பிரித்தாள், அதிலும் நிபந்தனை இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், பக்கம் பக்கமாக, விடாமல் எழுதியிருந்தார்கள். முப்பத்தொன்பது நோட்டில் பத்துக்குப் பத்து.

நாற்பதாவது நோட்டுக்காரி தானே எழுந்து வந்தாள். இரட்டைப் பின்னல் போட்ட ஒல்லிப் பெண். மேஜைமேல் நோட்டை விரித்துக் காட்டினாள். நிபந்தனை இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. அக்கா சங்கத்துத் தாளில் எழுதிய அதே வரி, கிட்டத்தட்ட அதே சொற்கள். கீழே ஒரு பெரிய பூஜ்யம்.

“டீச்சர், ஒரே ஒரு வரிதான் விட்டேன். அதுக்குப் போய் பூஜ்யமா?”

அக்கா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

“அந்த டீச்சர்கிட்ட கேட்டேன் டீச்சர். அவங்க மாத்த முடியாதுன்னுட்டாங்க. ‘புது டீச்சர் வருவாங்க, அவங்ககிட்ட கேளு. அவங்க இதுக்கு மார்க் போடுவாங்க’ன்னு சொன்னாங்க.”

சிவப்புப் பேனா மேஜையிலேயே இருந்தது. அந்தப் பெண் அதை எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் புது டீச்சர் என்ன போடப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.